தடய அறிவியல் கூடத்தில் வேலை என்றால் குடும்பமும் சாமியும் என்ன ஆகும்?

ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள், தடய அறிவியல் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பொழுதன்னைக்கும் பிணத்தோட குடலும் ஈரலும், மிச்ச நேரம் கோர்ட்டு. கல்யாணம் ஆகுமா, ஆனாலும் குடும்பம் நடத்த முடியுமா? நாங்கள் செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவர்கள். இந்த வேலைக்குப் போனால் பக்தியெல்லாம் விட்டுப் போய்விடுமோ?"

நான் அந்தத் துறையில், விஷம் பார்க்கும் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் பாதி சர்வீஸ், மீதி வெளியூர் வட்டார ஆய்வகங்களில். முடியுமா என்றால் முடியும். ஆனால் அதை என் கதையை வைத்துச் சொல்வதைவிட எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை வைத்துச் சொல்வது சரியாக இருக்கும். நான் பக்திமான் என்று என் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் அப்படி இல்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுகிறேன். நாங்கள் பிணத்தைப் பார்ப்பதே இல்லை. அறுத்துப் பார்ப்பது ஆஸ்பத்திரி டாக்டர். எங்களிடம் வருவது பாட்டில்கள். காவலர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வருவார். கூடவே மாஜிஸ்திரேட் கோர்ட்டின் கடிதம், அதில் அரக்கு முத்திரையின் மாதிரி. அந்த முத்திரையும் பாட்டிலின் மேல் இருக்கிற முத்திரையும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். ஒரு பாட்டிலில் இரைப்பையும் அதற்குள் இருந்ததும், இன்னொன்றில் குடல், மற்றொன்றில் ஈரலும் சிறுநீரகமும். அழுகாமல் இருக்கப் பெரும்பாலும் பூரித உப்புக் கரைசலில், அதாவது இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில், போட்டிருப்பார்கள். இவற்றோடு வெறும் உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கிற பாட்டில் ஒன்று வரும்.

சேர்ந்த புதிதில் அந்த வெறும் பாட்டிலை நான் ஓரமாகத் தள்ளி வைத்தேன். அதில்தான் ஒன்றும் இல்லையே. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சார் அதை எடுத்து என் மேஜை நடுவில் வைத்தார். "தம்பி, முதல்ல இதைப் பாருங்க. விஷம் உப்புல இருந்து வந்துச்சா, உடம்புல இருந்து வந்துச்சான்னு நாளைக்கு வக்கீல் கேப்பாரு. அவர் கேக்கறதுக்கு முன்னாடி நாம கேட்டுக்கணும்." பாதிச் சம்பளத்துக்கு உரிய வேலை அந்த வெறும் பாட்டிலில் இருக்கிறது என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அவரைச் சார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தென்கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பட்டினப்பாக்கத்தில் அரசு ஊழியர் குடியிருப்பு. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, மூன்று பெண் பிள்ளைகள். விடிந்தும் விடியாமலும் சாந்தோம் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மணி அடித்த மாதிரி வந்து நிற்பார்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பது அவர் வழக்கம். இறந்தவருக்காக ஜெபிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆளுக்காகவும்தான். எனக்காகவும். எஃப்.ஐ.ஆர்.ல 'பூச்சிமருந்து குடித்து'ன்னு எழுதியிருக்கும். படிச்ச உடனே மனசு பூச்சிமருந்தைத் தேட ஆரம்பிச்சிரும். இருக்கறதைப் பாக்க விடு ஆண்டவரே, நெனச்சதைப் பாக்க விடாதேன்னு ஒரு வரி."

இதை வெறும் பக்தி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. முன்முடிவோடு சோதனைக்குப் போனால் சோதனை கெட்டுப்போகும் என்று எங்கள் தொழிலில் வகுப்பெடுப்பார்கள். அவர் அதை ஜெபமாக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு நான் சொல்லப்போவது பிடிபடும். திசுவை நறுக்கி, அரைத்து, புரதத்தைப் பிரித்து வடிகட்டி, ஈதர் மாதிரி ஒரு கரைப்பானால் விஷத்தை இழுத்து எடுக்க வேண்டும். 1850இல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனனை நிக்கோட்டின் கொடுத்துக் கொன்ற வழக்கில் ஷான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த வழி அது. பிறகு ஓட்டோ அதைத் திருத்தினார். ஸ்டாஸ்–ஓட்டோ முறை என்று இன்றைக்கும் பாடம் நடக்கிறது. இழுத்த சாற்றைச் சிலிக்கா ஜெல் பூசிய கண்ணாடித் தட்டில் ஊசிமுனையளவு பொட்டு வைத்து, தட்டைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏற ஏற ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்தில் நின்றுவிடும். அதற்குரிய மருந்தைத் தெளித்தால் புள்ளி நிறம் காட்டும். பக்கத்திலேயே தெரிந்த விஷத்தின் புள்ளி ஒன்று ஒப்பிட இருக்கும். ஆர்சனிக் மாதிரி உலோக விஷத்துக்கு அமிலத்தில் செப்புத் தகட்டைப் போட்டுக் காய்ச்சுவோம், தகடு கறுத்துப் போகும். இப்போது இவற்றுக்கெல்லாம் மேலே பெரிய பெரிய கருவிகள் வந்துவிட்டன. உங்கள் மகள் அவற்றில்தான் வேலை செய்வாள்.

ஊருக்கு ஊர் விஷம் மாறும். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் என்றால் ஒடுவன்தழை என்கிற நச்சு இலை. கொங்குப் பக்கம் சாணிப்பவுடர், வாசல் தெளிக்க வாங்குகிற அதே மஞ்சள், பச்சைச் சாயம். தெற்கே அரளி விதை. அது யாழ்ப்பாணத்தையும் 1980களில் ஒரு வாட்டு வாட்டியது. எலி பேஸ்டில் இருந்த மஞ்சள் பாஸ்பரஸ் எல்லா ஊருக்கும் பொது. குடித்தவர் இரண்டு நாள் நன்றாக எழுந்து உட்கார்ந்து பேசுவார். தப்பித்தோம் என்று வீடே நிம்மதி அடையும்போது ஈரல் கெட்டுப்போய் இறப்பார். அந்தப் பாட்டிலைத் திறக்கும் நாள் எல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இனிமேல்தான் சாரின் கதை. எங்கள் அறிக்கையில் இரண்டே முடிவுதான். ஒன்று, இன்ன விஷம் கண்டறியப்பட்டது. இல்லையென்றால், விஷம் கண்டறியப்படவில்லை. "விஷம் இல்லை" என்று எழுதும் முறை கிடையாது. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சார் அந்த ஒரு சொல்லுக்காகப் பகைத்துக்கொண்ட அதிகாரிகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஒடுவன்தழை வழக்கு ஒன்று. இளம்பெண், கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் சாவு. புகுந்த வீட்டார் வாந்திபேதி என்றார்கள், பிறந்த வீட்டார் விஷம் என்றார்கள். அந்தத் தழையின் நஞ்சை அன்றைக்கு எங்களிடம் இருந்த சாதாரண சோதனைகளால் பிடிப்பது கடினம். எங்கள் முடிவு: கண்டறியப்படவில்லை. விசாரணை அதிகாரி நேரில் வந்தார். "சார், 'இல்லை'ன்னு ஒரு வரி போட்டீங்கன்னா கேஸை முடிச்சிரலாம். எல்லாருக்கும் நிம்மதி." சார் எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "தேடினேன், எனக்குக் கெடைக்கலை. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. வாந்தியில வெளிய போயிருக்கலாம், உடம்புலயே செதைஞ்சிருக்கலாம், எனக்குத் தேடத் தெரியாததா இருக்கலாம். நான் 'இல்லை'ன்னு எழுதினா அந்தப் புள்ளைய ரெண்டாந்தடவ கொன்ன மாதிரி. 'இருக்கு'ன்னு எழுதினா அந்த வீட்டுக்காரங்கள நான் கொன்ன மாதிரி."

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. மேஜை நிறையக் கோப்பு இருக்கிற மனிதர், அவ்வளவே. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இதே சொல்லை வைத்து அவரைச் சீண்டிய ஆளும் உண்டு. எங்கள் பிரிவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார், சாருக்கு நெருங்கிய நண்பர். "ஏன்யா, நீயும் முப்பது வருஷமா சோதனை பண்றே. உன் ஆண்டவர் எந்தத் தட்டிலயாவது புள்ளி வச்சாரா?" சார் சிரிக்காமல் சொன்னார்: "கண்டறியப்படவில்லைன்னு எழுதிக்கோ. 'இல்லை'ன்னு எழுத நமக்கு முறை கிடையாது." அன்றைக்கு டீக்காசு கறுப்புச் சட்டைக்காரர் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்குச் சாரே பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வருவார். கருவிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். ரசாயனத் தராசுக்கு மட்டும் கூடாது என்று ஒரு வருஷம் வாசலில் நின்று காவல் காத்தார். சாமி மேல் வெறுப்பில் அல்ல. கடையில் விற்கிற சில சிவப்புப் பொடிகளில் ஈயமோ பாதரசமோ இருக்கும். "உலோக விஷம் பாக்கற எடத்துல உலோகத்தைப் பூசிட்டு, அப்புறம் பாதரசம் பாசிட்டிவ்னு ரிப்போர்ட் குடுப்பீங்களா?" அந்த வருஷத்திலிருந்து தராசுக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ, அதுவும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே.

லஞ்ச வழக்குகளும் எங்களிடம் வரும். ரூபாய் நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்தத் தண்ணீர் பாட்டிலில் சீல் வைத்து எங்களிடம் வரும். இது எப்படி நடக்கிறது என்று சார் தன் மகள்களுக்கு விளக்கிய விதத்தை நான் அவர் வீட்டில் பார்த்தேன். பக்கத்து வீட்டில் வளைகாப்பு. ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு விரல் சுண்ணாம்பு, கலக்கினதும் செக்கச்செவேல். "பாத்தியா? மஞ்சளுக்குச் சுண்ணாம்புன்னா அந்த நோட்டுப் பொடிக்குச் சோடா. ஆரத்தி எடுக்கறவங்க கையில இருக்கறது கெமிஸ்ட்ரிதான்." பெரியவள் உடனே கேட்டாள்: "அப்போ லஞ்சம் வாங்கறவங்களுக்கு ஆரத்தி எடுக்கறீங்களாப்பா?" அவள் இப்போது வக்கீல்.

குடும்பம் என்று கேட்டீர்கள். இந்த வேலையில் வீட்டுக்கு வருவது முதலில் வாடை. அழுகிய உறுப்பின் நெடி கோட்டோடு போகாது, தலைமுடியில் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். சார் வீட்டில் பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்று வேட்டியும் எப்போதும் தயாராக இருக்கும். குளித்த பிறகுதான் பிள்ளைகள் கிட்டே வரலாம். கடைக்குட்டி இதை மறந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், சாரின் மனைவி ஒன்றும் சொல்லாமல் அவளையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றில் அந்த வீட்டில் ஈரல் இருக்காது. யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஈரல் வறுவல் வைத்தாராம். சார் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். அத்தோடு சரி. என் வீட்டிலும் அப்படித்தான் நின்றது.

இரண்டாவது, வாய். தெருவில் ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் உங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். சார் பங்குக் குழுவில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்களின் குழுவில், இருந்தார். பங்கைச் சேர்ந்த ஒரு பையன் இறந்தபோது, தற்கொலையா என்று தெரிந்துகொள்ள ஒரு பெரிய மனிதர் சாரைத் தேடி வந்தார். தற்கொலை செய்தவருக்கு அடக்கப் பூசை மறுக்கும் விதி 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பிலேயே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் ஊர் வாய் பழைய சட்டத்தில்தான் இருந்தது. சார் சொன்னார்: "பாட்டிலுக்கு விஷம் இருக்கா இல்லையான்னுதான் தெரியும். ஊத்தினது யாரு, குடிச்சது யாரு, எதுக்குக் குடிச்சாங்கன்னு பாட்டிலுக்குத் தெரியாதுங்க. அந்த வேலை வேற ஒருத்தரோடது." அடக்கத்துக்குப் போய் முன்வரிசையில் நின்றார். அந்தப் பையனின் பாட்டில் எங்களிடம் வந்ததா என்பதைக்கூட மனைவியிடம் அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நானும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, பழக்கூடை. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டார் எப்படியோ முகவரி கண்டுபிடித்து வருவார்கள். மாம்பழக் கூடை, பட்டுப்புடவை, சில சமயம் வெறும் அழுகை. அழுகையைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வாசலைத் திறக்கிறவர் வீட்டுக்காரம்மாவாகத்தான் இருப்பார். அந்த அம்மாள் உட்காரவைத்துக் காபி கொடுப்பார், கூடையை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்புவார். எங்கள் துறையின் நேர்மை என்று வெளியே பேசப்படுவதில் பாதி, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத இப்படிப்பட்டவர்கள் காப்பாற்றியது.

கோர்ட்டு. சட்டப்படி எங்கள் அறிக்கையை நாங்கள் நேரில் வராமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 329ஆம் பிரிவு. ஆனாலும் கோர்ட்டு கூப்பிட்டால் போகவேண்டும். சாரின் கடைக்குட்டிக்குப் புதுநன்மை நாள், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற சடங்கு. வெள்ளை உடுப்பெல்லாம் தைத்து வைத்தாயிற்று. தெற்கே ஒரு ஊரிலிருந்து மறுநாள் காலைக்குச் சம்மன். இரவு பஸ்ஸில் போய், பத்து மணிக்குக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்தால், பதினொன்றரைக்கு வக்கீல் வரவில்லை, வாய்தா. திரும்பி வரும்போது பூசையும் விருந்தும் முடிந்து பிள்ளை தூங்கிவிட்டாள். வெள்ளை உடுப்பைக் கழற்ற மாட்டேன் என்று அப்படியே தூங்கியிருக்கிறாள், அப்பா பார்க்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் சார் குரல் தடுமாறும். அந்த வாய்தாவை வாங்கிய வக்கீல் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, சார் குவிபிள் தீவுக் கல்லறைக்குப் போவார். அவருடைய சொந்தங்கள் யாரும் அங்கே இல்லை, எல்லோரும் ஊர்க் கல்லறையில். ஆனாலும் ஒரு மெழுகுவர்த்தி. யாருக்கு சார் என்றேன். "குற்ற எண் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு."

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்தி விட்டுப்போகுமா என்று பயப்படாதீர்கள். இருந்தவர்களுக்கு இருந்தது, இல்லாதவர்களுக்கு இல்லை. வேலை இரண்டையும் பெரிதாக மாற்றி நான் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பது உண்டு. "கவர்மெண்ட் கெமிஸ்ட்" என்று சொன்னால் சுளிப்பு குறையும். அது பொய்யும் இல்லை. 1849இல் சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதகர் என்று ஆரம்பித்த வேலைதான் இது, இந்தியாவிலேயே முதலாவது. கல்யாணமான பிறகு பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா, தேன் சுத்தமா என்று அக்கம்பக்கத்தார் பாட்டிலோடு வருவார்கள். அந்தத் தொல்லைக்கு மருந்து கிடையாது.

வேலை குறையப்போவதும் இல்லை. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் ஆள் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது நினைவிருக்கும். அப்படி நடக்கும்போது ஆய்வகத்தில் இரவு பகல் கிடையாது. அந்த நாட்களில் மகள் வீட்டுக்கு வரவில்லையே என்று போன் செய்துகொண்டிருக்காதீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி. இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வுக்கு அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பணியிடம் குறைவு, அறிவிப்பு வருஷா வருஷம் வராது. காத்திருக்கும் நேரத்தில் கனிம வேதியியலின் பழைய நிறச் சோதனைகளை மறக்காமல் கையால் செய்து பார்க்கட்டும். வீட்டில் பின்வாசல் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று நீங்கள் பார்த்து வையுங்கள்.